இருநூறு வருஷத்து நாற்காலிக்குள் ஒரு ரேஷன் கார்டு

வெள்ளிக்கிழமை மாலை 5.10. தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல். சட்டைப் பையில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பம்பாய்க் கோட்டைப் பக்கத்து மியூசியங்கள், பழைய வியாபாரிகளின் மாளிகைகள், கடைசியில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு ‘ராத்திரி பம்பாய்’. மொத்தம் பதினொன்று. பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிக்கிறவன் பம்பாய் போய்விட்டு இதையெல்லாம் பார்க்காமல் வந்தால் வகுப்பில் ஓட்டியே கொன்றுவிடுவார்கள்.

பதினொன்றில் நான் பார்த்தது ஒன்றே முக்கால். ஏன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வரிசையாகச் சொல்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மிஷினை ஒரு மணி நேரத்துக்கு மேல் தர மாட்டார்கள், வேகமாக அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு மச்சான் வந்திருந்தார். பீர் முகம்மது, என் ராத்தாவின், அதாவது அக்காவின், வீட்டுக்காரர். மேலப்பாளையத்துக்காரர், பதினெட்டு வருஷமாகத் தாராவியில் தோல் வேலை. பர்ஸ், பெல்ட், பை, யாராவது கேட்டால் நாற்காலிக்கு மேல்தோல்.

“வா மாப்ளே. என்னல இப்பிடி எலும்பா வந்து நிக்க? காலேஜ்ல சோறு போடுதானுவளா, நோட்ஸ் மட்டும் குடுக்கானுவளா?”

பட்டியலைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். “நீயே வாசி” என்றார். வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் பிளாட்பாரத்திலேயே சிரித்தார்.

“ராத்திரி பம்பாயா? எங்க லேன்ல பைப்புத் தண்ணி ராத்திரி மூணு மணிக்குத்தாம்ல வரும். வந்து பாரு. கூட்டம் ஜேஜேன்னு இருக்கும்.”

தாதரிலிருந்து மாட்டுங்கா, அதற்கடுத்து சயான். சயானில் இறங்கி இருபது நிமிஷம் நடை. லேன் என்றால் நம் ஊர்த் தெருவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவும் தட்டுப்படும். ஒரு கதவுக்குள் தையல் மிஷின், அடுத்த கதவுக்குள் பிளாஸ்டிக் உருக்குகிறார்கள், அதற்கடுத்ததில் ஒரு அம்மா “ஏட்டி, கொடத்த எடுட்டி” என்று அசல் திருநெல்வேலித் தமிழில் கத்துகிறாள். வாசனையைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினவர்கள் எல்லாரும் அதை மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.

மாலை 6.30. மச்சான் வீடு கீழே பட்டறை, மேலே பரணில் படுக்கை. கீழே தரையில் துணிமணி, காகிதம் எதுவும் வைப்பதில்லை. மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர் ஏறும் என்பதால் நனையக் கூடாதது எல்லாம் சுவரில் உயரத்தில் ஆணியில் தொங்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, ராத்தாவின் நல்ல சேலை, தோல் வெட்டுவதற்கான அளவு அட்டைகள் எல்லாம் ஒரே வரிசை ஆணியில்.

உள்ளே நுழைந்தேன். ராத்தா என்னைப் பார்த்து “வந்துட்டியாடா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மச்சான் பக்கம் திரும்பினாள். அவளைச் சுற்றிலும் அட்டையாகச் சிதறிக் கிடந்தது.

“கார்டு எங்க?”

“எந்தக் கார்டு?”

“ரேஷன் கார்டு. இந்த ஆணிலதான தொங்கிச்சி. சீனி வாங்கப் போவம்னு பாத்தேன், காணல. அட்டை அட்டையா எறக்கிப் பாத்துட்டேன். அதுக்குள்ளதான போட்டோ பாஸும் இருக்கு? திங்கக்கெழம ஆளு வாரான், தெரியும்லா?”

எனக்குத் தெரியாது. அப்புறம்தான் சொன்னார்கள். திங்கட்கிழமை காலையில் லேனுக்கு வீடுவீடாகக் கணக்கெடுக்க ஆள் வருகிறார். ரேஷன் கார்டையும், குடும்பத் தலைவர் படம் ஒட்டின போட்டோ பாஸையும் காட்டினால் கதவில் எண் எழுதுவார். காட்ட முடியாவிட்டால் அந்த வீடு அவர் நோட்டில் ஏறாது. நோட்டில் ஏறாத வீட்டுக்கு என்ன ஆகும் என்பதைப் பக்கத்து லேனில் போன மாதம்தான் பார்த்திருக்கிறார்கள். இடித்துப் போட்டுவிட்டார்கள், தகரம் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். தொலைந்துபோனால் வேறு கார்டு தருவார்களா என்று நான் கேட்டேன். தருவார்களாம், அலைந்தால் ஆறு மாதத்தில்.

மச்சான் தோல் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“நூரு,” என்றார் ராத்தாவிடம். “அது நாற்காலிக்குள்ள இருக்கு.”

“என்னது?”

“அந்த ஆறு நாற்காலி வந்துச்சுல்லா? கடைசி நாற்காலி முடிக்கும்போது இடது மூலை பள்ளமா இருந்துச்சு. அடில அட்டை ஒண்ணு சொருவணும். அந்நேரம் பாத்து கரண்டு போச்சு. லாரிக்காரன் வெளிய நின்னு ஜல்தி ஜல்திங்கான். ஆணில கைய விட்டேன். கெட்டியா, தோலு ஒட்டுன அட்டை தட்டுச்சு. அளவு அட்டைன்னு நெனச்சுச் சொருவி ஆணி அடிச்சிட்டேன்.”

“ரேஷன் கார்டுல எதுக்கு மச்சான் தோலு?” என்று நான் கேட்டேன்.

“நனையாம இருக்கட்டும்னு ஆட்டுத்தோலுல உறை தச்சுப் போட்டுருந்தேன்.”

“ஊருல எல்லாரும் பிளாஸ்டிக் கவரு போடுவாவ,” என்றாள் ராத்தா. “எங்க வீட்டு ராசாவுக்கு ஆட்டுத்தோலு!” சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பும் வந்தது, அதற்காக என்னையே நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

நாற்காலி வேலையைக் கொடுத்தது செம்பூரில் பங்களா வைத்திருக்கும் ஒரு பழம்பொருள் வியாபாரி. தேக்கு மரம், நல்ல வேலைப்பாடு, இருக்கை மட்டும் கிழிந்து தொங்கியதாம். “புதுசுன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது” என்பது உத்தரவு. மச்சான் டீத்தூளைக் காய்ச்சித் தோலில் பூசி, செங்கல் பொடியால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைத்து ஒன்பது நாளில் கிழடாக்கியிருக்கிறார்.

“அவன்ட்டப் போய்க் கேட்டா என்ன?” என்றேன்.

“லஃப்டா ஆயிரும்ல, பெரிய வம்பு. நாங்க தோலு போட்டோம்னு வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தான். கேட்டா அடுத்த வேலை வராது. நாற்காலி எங்க போச்சுன்னு லாரிக்காரனுக்குத் தெரியும்.”

லாரிக்காரர் இரண்டு லேன் தள்ளி இருந்தார். ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தோம். கோட்டைப் பக்கத்தில் ஒரு பஞ்சு வியாபாரியின் பழைய மாளிகை, இப்போது மியூசியம். என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாலாவது எண்!

சனிக்கிழமை காலை 9.05. சயானிலிருந்து வி.டி.க்கு, அதாவது விக்டோரியா டெர்மினஸுக்கு, மின்சார ரயில், பதினாலு கிலோமீட்டர். உட்கார இடம் என்ற பேச்சே இல்லை, தொங்க இடம் கிடைத்தால் லாபம். மச்சான் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பேண்ட், வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை, அதற்குள் சின்னச் சுத்தியல், குறடு, ஒரு பொட்டலம் பித்தளை ஆணி.

வி.டி.யிலிருந்து டபுள் டெக்கர், ஆளுக்கு அறுபது பைசா. மாடியில் முன் சீட் கிடைத்தது. நான் ஊர் பார்க்க வந்தவன் என்பதை அந்தப் பத்து நிமிஷம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன். கல் கட்டடங்கள் ஒவ்வொன்றும் நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸை நாலு அடுக்கிய உயரம். ஜன்னலுக்கு மேல் சிங்க முகம், குரங்கு முகம், இலை, பூ. வளைவுக்கு அடியில் நடைபாதைக் கடை, புத்தகம், பேனா, பாம்புத் தோல் மாதிரி பிளாஸ்டிக் பெல்ட். மச்சான் அந்தப் பெல்ட்டைப் பார்த்துக் காறித் துப்பப் போய் மேல்மாடி என்று ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டார்.

காலை 10.30. மாளிகை. பொய் சொல்ல மாட்டேன், அழகுதான். மூன்று மாடி, வண்ணக் கண்ணாடி ஜன்னல், வாசலிலிருந்து மாடிவரை சுற்றிச் சுற்றி ஏறும் மரப்படி. டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய். வாங்கினோம். நான் மூக்குக்கண்ணாடி போட்டவன், நேராக உள்ளே போய்விட்டேன். பின்னால் மச்சானைக் காவலாளி கையை நீட்டி மறித்தான். பையைத் திறக்கச் சொன்னான். சுத்தியலைப் பார்த்தான்.

“காம்வாலா? பீச்சே ஸே,” என்றான். வேலைக்காரன் என்றால் பின்வாசலுக்குப் போ என்று அர்த்தம்.

மச்சான் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். காவலாளி டிக்கெட்டைப் பார்க்கவில்லை, மச்சானின் விரல்களைப் பார்த்தான். சாயம் ஏறின விரல்கள், எத்தனை தடவை கழுவினாலும் அப்படித்தான் இருக்கும். நான் திரும்பி வந்து காலேஜ் இந்தியில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, இலக்கணம் எல்லாம் காற்றில் போனது. கடைசியில் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கனைக் கொடுத்து உள்ளே விட்டான். இரண்டு ரூபாய் டிக்கெட், அவரும் நானும் கொடுத்தது ஒரே இரண்டு ரூபாய்!

கீழ் ஹாலில் சரவிளக்குக்கு அடியில், சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், வரிசையாக ஆறு நாற்காலி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தடித்த அட்டை.

“என்ன போட்டுருக்கு?” என்றார் மச்சான்.

“‘இருநூறு ஆண்டுப் பழமை. தோல் அசல். தொடாதீர்கள்.’”

“தோலு அசல்தான். நாலு எருமை.”

“இருநூறு வருஷமாம், மச்சான்.”

“பன்னெண்டு நாளு,” என்றார். “அந்தா, இடப்பக்கத்துலேருந்து மூணாவது பாரு. மூலை கொஞ்சம் தூக்கிட்டு நிக்கு. அதான்.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆறும் ஒரே மாதிரிதான் இருந்தன. மச்சான் கயிற்றுக்கு மேலாக ஒரு சாண் குனிந்திருப்பார். தொடக்கூட இல்லை.

“ஹாத் மத் லகாவ்!” கை வைக்காதே என்று காவலாளி பாய்ந்து வந்தான். அங்கே நின்ற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்களைத் திருடர்கள் மாதிரி திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்ததே கோபம்! “இந்த நாற்காலிக்குத் தோல் போட்டதே இவருதான்யா!” என்று தமிழில் கத்திவிட்டேன். மச்சான் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

“யாரு தமிழ் பேசறது?”

பக்கத்து அறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும், பருத்திப் புடவை, கழுத்தில் சாவிக்கொத்து. பெயர் கல்யாணி, மியூசியத்தின் ஆபீஸ் சூப்பிரண்டு. காவலாளியைக் கையசைத்து அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“எந்த ஊர்ப்பா நீங்க? நாங்க மாட்டுங்கா. முப்பது வருஷமா.”

“நான் பாளையங்கோட்டை. மச்சான் தாராவி.”

சிரிப்பு முழுசாகப் போகவில்லை, கொஞ்சம் உள்ளே போயிற்று. “ஓ,” என்றார். “என்னமோ தோல்னு கத்தினியே?”

மச்சான் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை. டீத்தூள், செங்கல் பொடி, தேங்காய் எண்ணெய், எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அம்மா நம்பவில்லை.

“அட்டையை நான்தான் எழுதினேன். வியாபாரி கொடுத்த பேப்பரைப் பாத்து எழுதினேன். நீ சும்மா வந்து...”

“மோந்து பாருங்க மேடம்.”

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“தேங்கா எண்ணெய்,” என்றார். “ராமா. நான் ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு.”

“நாங்க யார்ட்டயும் சொல்ல வரலம்மா,” என்றார் மச்சான். அந்த அம்மாவிடம் அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினார். “சத்தியமா வரல. எனக்கு எங்க கார்டு மட்டும் போதும். இதுக்குள்ள எங்க ரேஷன் கார்டும் போட்டோ பாஸும் இருக்கு. தெரியாம வச்சுத் தச்சுட்டேன். திங்கக்கெழம வீட்டுக்கு நம்பர் போட ஆளு வாரான்.”

இருநூறு வருஷம் பொய் என்று சொன்னபோது வராத பதற்றம் அந்த அம்மாவுக்கு இதைக் கேட்டதும் வந்தது.

“ரேஷன் கார்டா? உள்ளேயா? அது இல்லாம இந்த ஊர்ல என்ன பண்ணுவேள்!” என்று கன்னத்தில் கை வைத்தார். “இப்போ முடியாது. ட்ரஸ்டி மாடியில இருக்கார். சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்கோ, பின்வாசலா. இன்னிக்கு இங்க பார்ட்டி. கயிறு, அட்டை எல்லாம் எடுத்துடுவோம்.”

“கயித்தை எதுக்கு எடுப்பீங்க?” என்றேன்.

“வர்றவா உக்காரணுமே.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மச்சான் மறுபடியும் கிள்ளினார், அதே இடத்தில்.

பகல் 12 முதல் 6.45 வரை. என் பட்டியலில் ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பெரிய கும்மட்டம் வைத்த மியூசியம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். மச்சான் அசையவில்லை. மாளிகைக்கு எதிர்ச்சாரியில் ஒரு மரத்தடிக் கட்டையில் உட்கார்ந்து ஆறரை மணி நேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், நாற்காலி எழுந்து ஓடிவிடும் என்பது போல.

“நீ போய்ப் பாத்துட்டு வால.”

போனேன். கும்மட்டத்துக்குள் முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன பார்த்தாலும் இதை யார் எப்போது எங்கே வைத்துத் தட்டினான் என்றுதான் தோன்றியது. அட்டையை நம்ப முடியவில்லை. மூன்று வருஷமாக வரலாறு படித்தவனை ஒரே காலையில் கெடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் என்று சொன்னேனே, அந்த முக்கால் இதுதான்.

வடா பாவ் எழுபத்தைந்து பைசா, டீ நாற்பது பைசா. ஒரு குதிரை வண்டிக்காரர் வந்து கடற்கரை சுற்றிக் காட்டப் பதினைந்து ரூபாய் என்றார். “எங்க வீட்டையே சுத்திக் காட்ட நாள மறுநாள் ஆளு வாரான்பா” என்றார் மச்சான் தமிழில். அவருக்குப் புரியவில்லை, ஆனால் எங்கள் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“தடியன் எவனாச்சும் உக்காந்து கார்டு ஒடிஞ்சிருமோ மாப்ளே?” என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் ஒடியாது என்றேன். எனக்கென்ன தெரியும்?

மாலை 7.00. காலையில் டிக்கெட் வைத்திருந்தும் வாசலில் மறித்தவன், பையைத் திறந்து பார்த்தவன், அதே காவலாளி பின்வாசலில் நின்றான். டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கி, சுத்தியலைக் கையில் வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டார் மச்சான். காவலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியைவிட்டு விலகி நின்றான்.

சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அடிக்கோடு போட்டேனே, ராத்திரி பம்பாய், அது அங்கே நடந்துகொண்டிருந்தது. சரவிளக்கு எரிகிறது. மூலையில் நாலு பேர் வெள்ளைக் கோட்டு போட்டு டிரம், கிதார், பியானோ வாசிக்கிறார்கள். பட்டுப் புடவைகள், சென்ட் வாசனை, தட்டில் வறுத்த முந்திரி, நீளக் கிளாஸ்களில் சரக்கு. கயிறு இல்லை, அட்டைகள் இல்லை, எல்லாவற்றையும் ஜன்னல் திண்டில் அடுக்கிவைத்திருந்தார்கள். ஆறு நாற்காலியிலும் ஆள். மூன்றாவதில் சஃபாரி சூட் போட்ட ஒருவர், மூட்டைக்கு இரண்டு கை ஒரு கிளாஸ் வைத்த மாதிரி. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுதான்?” என்றார் மச்சான்.

“இதுல உக்காந்தாலே இருநூறு வருஷம் உடம்புல ஏறுதாம்.”

“என் போட்டோ மேல உக்காந்திருக்கான்,” என்றார் மச்சான். “நூரு பேரு, பிள்ளைய பேரு, எல்லாம் அவன் குண்டிக்கு அடில கெடக்கு.”

கல்யாணி அம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஹாலின் அந்தப் பக்கத்திலிருந்து கையைப் பிசைந்தார். ட்ரஸ்டி என்ற வெள்ளைத்தலைக்காரர் அவர் பக்கத்தில் நிற்கிறார், அவரால் வர முடியாது. அந்த மனிதரை எப்படி எழுப்புவது? மச்சான் என்னைப் பார்த்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் போனேன்.

“சார், எக்ஸ்க்யூஸ் மீ. இந்தச் சீட்ல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு.”

இங்கிலீஷில்தான் சொன்னேன். இருநூறு வருஷமும் ஒரே தாவில் எழுந்து நின்றது. இரண்டு கையாலும் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே பியானோ பக்கம் போய்விட்டார்.

மச்சான் நாற்காலியைத் தூண் மறைவுக்கு இழுத்து மண்டிபோட்டார். குறடால் ஒன்பது ஆணி. பிடுங்கப் பிடுங்க உதட்டுக்கு நடுவில் செருகிக்கொண்டார். ஹாலில் எண்பது பேர் இருந்திருப்பார்கள், ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் ஒரு சாண் குனிந்ததற்குத் திருடனாகத் தெரிந்த மனுஷன், இப்போது சுத்தியலோடு அதே நாற்காலியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், அவர் அங்கே இருப்பதே எவருக்கும் தெரியவில்லை! பக்கத்தில் நின்ற என் கையில் ஒரு பெண் பேச்சை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல், காலிக் கிளாஸைத் திணித்துவிட்டுப் போனாள். பாருங்கள், வாங்கிக்கொண்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூலைத் தோலைத் தூக்கி மச்சான் இரண்டு விரலை விட்டார். ஆட்டுத்தோல் உறை வெளியே வந்தது. நடுவில் பள்ளமாக வளைந்திருந்தது. திறந்தார். கார்டு இருந்தது. போட்டோ பாஸ் இருந்தது, அதில் பத்து வருஷத்துக்கு முந்தின மச்சான், மீசையோடு. மூடிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டே கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தார்.

“வாங்க மச்சான், கிளம்புவோம்.”

தலையை ஆட்டினார். மூலையைக் காட்டினார். கார்டு இருந்த இடம் காலி, தோல் தொய்ந்து கிடந்தது. ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“இப்பிடியே விட்டுட்டு வரவா? நாளைக்கு எவனாச்சும் உக்காந்தா மூலை குழியில்லா விழும்? நான் அடிச்ச நாற்காலில. கெட்டியா ஒரு அட்டை பாரு.”

சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல் திண்டு. மேலே இருந்த அட்டையை எடுத்தேன். ‘இருநூறு ஆண்டுப் பழமை. தோல் அசல். தொடாதீர்கள்.’ மச்சானிடம் நீட்டினேன். விரலால் சுண்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். சரிதான் என்று தலையசைத்து, மூலைக்குத் தக்கபடி மடக்கி உள்ளே செருகினார்.

நிமிர்ந்தால் கல்யாணி அம்மா நிற்கிறார். அட்டையின் கடைசி முனை தோலுக்கு அடியில் போவதை அவர் பார்த்துவிட்டார். மச்சான் கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

“மூலை பள்ளமா இருக்குங்க மேடம்,” என்றேன்.

அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், சாவிக்கொத்தை ஒரு தடவை உருட்டினார்.

“அடிங்கோ,” என்றார். “கெட்டி அட்டைதான். தாங்கும்.”

இரவு 8.50. வி.டி. பிளாட்பாரம். கல்யாணி அம்மாவும் அதே ரயிலுக்கு வந்தார், அவருக்குப் பெண்கள் பெட்டி, எங்களுக்குப் பொதுப் பெட்டி. வண்டி வரும் வரை நின்று பேசினோம்.

“ஒரு அட்டை குறையறதே, திங்கட்கிழமை அதுக்கு வேற எழுதணும்,” என்றார். “என்னன்னு எழுதறது, சொல்லுங்கோ.”

“உக்காரலாம்னு எழுதுங்கம்மா,” என்றார் மச்சான். “நல்லாத்தான் அடிச்சிருக்கேன்.”

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “எழுதாமயே விட்டுடறேன். ஆறுக்கு அஞ்சு இருந்தா யார் எண்ணப்போறா?” பிறகு, “சயான்ல இறங்கி எவ்வளவு தூரம் உங்காத்துக்கு?” என்று கேட்டார்.

“இருவது நிமிஷம் நட. வாங்களேன் ஒருநாளு.”

“முப்பது வருஷமாச்சு, நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை,” என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாட்டுங்காவில் அவர் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த ஸ்டேஷன் சயான். கடிகாரத்தில் பார்த்தேன், மூன்றே நிமிஷம்.

திங்கட்கிழமை காலை 11.20. நோட்டோடு ஒருத்தர், பெயிண்ட் டப்பாவோடு ஒருத்தர் வந்தார்கள். ராத்தா உறையை நீட்டினாள். நோட்டுக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று இந்தியில் கேட்டார்.

“ஒரு பெரிய மனுசன் தெரியாம உக்காந்துட்டாரு,” என்றாள் ராத்தா, கண் சிமிட்டாமல்.

எழுதிக்கொண்டார். கதவில் வெள்ளைப் பெயிண்டில் எண் விழுந்தது. மச்சான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து, பெயிண்ட் காய்கிற வரைக்கும் பிள்ளைகள் தொடாமல் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை தாதரில் வண்டி ஏறினேன். ஊருக்கு வந்து பட்டியலைப் பார்த்த பையன்கள், “பம்பாய் போயிட்டு ஒரு நாற்காலியைப் பாத்துட்டு வந்திருக்கியே” என்று ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும். நம் ஊரிலும் ஒரு மியூசியம் இருக்கிறது, நேற்றுப் போனேன், எல்லா அட்டையையும் முறைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

பம்பாய் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மாளிகையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், மச்சானுக்கு அடுத்த வேலை வர வேண்டும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கோட்டைப் பக்கம், டிக்கெட் இரண்டு ரூபாய், சரவிளக்குக்கு அடியில் ஆறு நாற்காலி, ஐந்தின் மேல்தான் அட்டை இருக்கும். அட்டை இல்லாதது இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது. கயிற்றைத் தாண்டிப் போய் உட்காருங்கள், நன்றாகச் சாய்ந்தே உட்காருங்கள், மூலை தாங்கும். காவலாளி ஓடிவந்தால் எழுந்திருக்காதீர்கள். ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்.